மைன்கிராஃப்டில் மயிலாப்பூர் வெயில்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைக் கட்டினோம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அன்று. 'மைன்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டில், சதுரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினோம். குளத்தின் படிகள், நடுவிலுள்ள மண்டபம், கிழக்குக் கரையில் கபாலீசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரம், மேற்குக் கரையில் இராமகிருஷ்ண மடம் சாலை, தெருவோரப் பூக்கடைகள் ஆகிய இவ்வளவும் முடிய ஏழு சனிக்கிழமைகள் ஆயின. முடித்த அன்று எங்கள் பெருமைக்கு அளவேயில்லை.

எங்களுள் ஒருத்தியின் பாட்டி வடக்கு மாட வீதியில் பிறந்து வளர்ந்தவர். மூட்டு வலியின் காரணமாக இப்போது அவர் மாடிப்படி இறங்குவதில்லை. குளத்தைப் பார்த்தே இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். ஆகவே அவருக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்து, கணினியின் முன் நாற்காலி போட்டு அமர வைத்தோம். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. இது எந்த ஊரு?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

எங்கள் முகம் வாடிவிட்டது. "மயிலாப்பூர்தான் பாட்டி. கோபுரம் தெரியலையா?" என்றோம்.

"கோபுரம் தெரியுது. வெயிலைக் காணோமே" என்றார் பாட்டி.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. படிகளை எண்ணிக் கட்டிய நாங்கள் வெயிலை மறந்துவிட்டோம். அந்த வெயிலைத் தேடிப் புறப்பட்டபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வெயில் ஏன் இல்லை?

விளையாட்டை அறியாத பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் முதலில் ஒரு விளக்கம். மைன்கிராஃப்ட் 2011-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் முழு வடிவில் வெளிவந்தது. ஸ்வீடன் நாட்டில் பிறந்த விளையாட்டு. இதில் உலகம் முழுவதும் ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட கட்டைகளால் ஆனது. சிறு குழந்தைகள் மரக்கட்டை அடுக்கி வீடு கட்டுவது போலவே இதிலும் நாம் விரும்பியதைக் கட்டலாம். சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இவ்விளையாட்டில் வெளிச்சம் என்பது வெறும் ஓர் எண். 0 என்றால் இருள். 15 என்றால் பட்டப்பகல். ஒரு தீப்பந்தத்தின் எண் 14. அதிலிருந்து ஒரு கட்டை தள்ளிப் போனால் 13, இரண்டு கட்டை தள்ளிப் போனால் 12 என்று குறைந்துகொண்டே வரும். திறந்த வானத்தின் கீழ் இருக்கும் கட்டைக்குப் பகலில் 15. அவ்வளவுதான் கணக்கு.

இந்த எண் வெளிச்சம் எவ்வளவு என்று சொல்கிறது. ஆனால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்வதில்லை. ஆதலால் கோபுரம் எத்தனை உயரமாக இருந்தாலும் அதன் நிழல் தரையில் நீண்டு விழாது. கட்டையின் மேற்புறம் வெளிச்சமாகவும் பக்கங்கள் சற்று மங்கலாகவும் காட்டப்படும். காலையானாலும் மாலையானாலும் அந்த வேறுபாடு மாறாது. நீரும் வெறும் நீலத் தகடு. அதில் எதுவும் பிரதிபலிக்காது.

இது செய்தவர்களின் சோம்பல் அன்று. சாதாரணக் கணினியிலும் விளையாட்டு தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக எளிய கணக்கை வைத்தார்கள். ஆனால் மாலை நான்கு மணிக்கு இராமகிருஷ்ண மடம் சாலையில் நின்று குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து கோபுரத்தின் மீது விழும். காலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கோபுரத்தின் பின்னாலிருந்து வருவதால் கோபுரம் கறுத்துத் தெரியும். அதன் நிழல் குளத்தை நோக்கி நீளும். ஒரே கோபுரத்திற்குக் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். திசை தெரியாத வெளிச்சத்தில் இந்த இரண்டு முகமும் இல்லை.

ஒளி மாட் என்றால் என்ன?

விளையாட்டை உருவாக்கியவர்கள் அல்லாத பிறர், அதனுடன் சேர்த்து ஓடும்படி எழுதித் தரும் நிரல்களை 'மாட்' என்று அழைக்கிறார்கள். மாற்றியமைத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. ஆர்வலர்கள் பலர் இவற்றை இலவசமாகவே எழுதி வழங்குகிறார்கள். அவற்றுள் வெளிச்சத்தை மட்டும் மாற்றுவது ஒளி மாட். மைன்கிராஃப்டில் இதை 'ஷேடர்' என்பார்கள். 'பிஎஸ்எல்', 'காம்ப்ளிமென்டரி' போன்றவை பெயர் பெற்ற ஷேடர்கள். 'ஆப்டிஃபைன்' அல்லது 'ஐரிஸ்' என்னும் துணை நிரலை நிறுவினால்தான் இவை வேலை செய்யும்.

ஒளி மாட் நாம் கட்டியதில் ஒரு கட்டையைக்கூட நகர்த்துவதில்லை. ஒரே கூடத்தைக் குழல் விளக்கிலும், மின்சாரம் நின்ற இரவில் மெழுகுவர்த்தியிலும் பார்ப்பது போன்றதே இது. மேசை அதே மேசைதான், சுவர் அதே சுவர்தான். ஆனால் கூடம் வேறாகிவிடுகிறது அல்லவா?

இதற்குக் கணினி செய்யும் வேலையோ மலைக்க வைப்பது. எங்கள் கணினித் திரையில் அகலவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080 புள்ளிகள். ஆக மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எவ்வளவு ஒளி என்று ஷேடர் கணக்கிடுகிறது. காட்சி தடங்கலின்றி நகர வினாடிக்கு 60 படங்கள் வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 12 கோடியே 44 லட்சம் கணக்குகளுக்கு மேல்! கிராபிக்ஸ் கார்டு இவற்றை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பள்ளி மாணவியர் அனைவரையும் மைதானத்தில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு கணக்கு கொடுத்தால் எப்படியோ, அப்படிப் பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்கிறது.

நிழல் விழும் விதம்

நிழலை உண்டாக்க இன்று பரவலாகப் பயன்படும் வழியை லான்ஸ் வில்லியம்ஸ் என்பவர் 1978-இல் வெளியிட்டார். அது கேட்பதற்கு மிக எளிது. அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதியில் ஒரு மொட்டை மாடியில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். சில முகங்கள் தெரியும். பந்தலுக்கும் குடைக்கும் பின்னால் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். இப்போது அந்த மாடியில் நிற்பது நாம் அல்ல, சூரியன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சூரியனின் பார்வைக்குத் தெரியும் இடமெல்லாம் வெயில். தெரியாத இடமெல்லாம் நிழல்!

ஷேடரும் இதையே செய்கிறது. முதலில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து காட்சியைப் பார்த்து, ஒவ்வொரு திசையிலும் முதலில் தட்டுப்படும் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று குறித்துக்கொள்கிறது. அடுத்து நம் கண் இருக்கும் இடத்திலிருந்து படத்தை வரைகிறது. அப்படி வரையும்போது ஒவ்வொரு புள்ளியிலும், "உனக்கும் சூரியனுக்கும் நடுவே வேறு ஏதேனும் இருக்கிறதா?" என்று அந்தக் குறிப்பைப் பார்த்துக் கேட்கிறது. இருந்தால் நிழல், இல்லையேல் வெயில்.

வெயில் பட்ட இடமெல்லாம் ஒரே பிரகாசமாக இருப்பதுமில்லை. நேராக விழும் ஒளி பிரகாசமாகவும், சாய்ந்து விழும் ஒளி பரவி மங்கலாகவும் இருக்கும். இவ்விதியை லாம்பர்ட் என்னும் அறிஞர் 1760-இல் தம் நூலில் எழுதினார். மாலையில் தரை மங்கிச் சுவர் பளிச்சிடுவது இதனால்தான். இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த விதி இன்று நம் விளையாட்டில் வினாடிதோறும் வேலை செய்கிறது.

நீரில் மறைந்த கோபுரம்

ஷேடரை நிறுவியதும் குளத்து நீர் ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை போல் நீலமாக மின்னியது. மிகவும் அழகுதான். ஆனால் எங்கள் குளம் பச்சை அல்லவா? ஆகவே மறுநாள் பள்ளி முடிந்ததும் நேரில் போய்க் குளத்தைப் பார்த்தோம். தினமும் அவ்வழியே பேருந்தில் போகிறவர்கள் நாங்கள். ஆயினும் பார்க்க வேண்டும் என்று பார்த்தது அதுவே முதல் முறை.

அங்கே ஒன்றைக் கண்டோம். எட்டி நின்று தாழ்வாகப் பார்த்தால் நீர் கண்ணாடி போல் கோபுரத்தைக் காட்டுகிறது. அருகில் வந்து நேர் கீழே குனிந்து பார்த்தால் பிரதிபலிப்பு மங்கி, நீரின் நிறமே தெரிகிறது. பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். நல்ல ஷேடர்களில் இக்கணக்கும் உண்டு. நாங்கள் நீரின் நீலத்தைக் குறைத்துப் பச்சையைக் கூட்டினோம். அலையையும் குறைத்தோம், தெப்பக்குளத்தில் கடல் அலை ஏது?

எங்களால் தீர்க்க முடியாத குறையும் ஒன்று உண்டு. கண்காட்சியன்று ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி சுட்டியை நகர்த்தி நீரை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணியில கோபுரத்தோட தலையைக் காணோம்!" என்றாள். கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். காரணம் இதுதான்: எங்கள் ஷேடர், திரையில் ஏற்கெனவே வரையப்பட்ட படத்தைக் கொண்டே பிரதிபலிப்பை உண்டாக்குகிறது. நாம் குனிந்ததும் கோபுரத்தின் உச்சி திரையை விட்டு வெளியேறிவிடுகிறது. திரையில் இல்லாததை அது நீரில் எப்படிக் காட்டும்? அவ்வளவு பேர் பார்த்துப் போனதில் அதைக் கண்டவள் அச்சிறுமி ஒருத்தியே. அவளுக்கு எங்கள் பாராட்டு.

இக்குறையைப் போக்கும் வழி ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து கணக்கிடுவது. டர்னர் விட்டட் என்பவர் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைச் செய்து காட்டினார். கண்ணாடிக் கோளங்கள் கொண்ட அவருடைய படம் ஒன்றை வரையக் கணினிக்கு 74 நிமிடங்கள் பிடித்தன! இன்று விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகள் இத்தகைய வேலையை வினாடிக்குப் பலமுறை செய்கின்றன. 1997-இல் வந்த 'குவேக் 2' என்னும் பழைய விளையாட்டுக்கு 2019-இல் இம்முறையில் புதிய வெளிச்சம் தந்தார்கள். எங்களிடம் இருந்ததோ எங்களுள் ஒருத்தியின் அண்ணன் கல்லூரிக்காக வாங்கிய பழைய கணினி. ஆகவே தலையில்லாக் கோபுரத்தோடு திருப்தி அடைந்தோம்.

பாட்டியின் இரண்டாம் கேள்வி

நிழலும் நீரும் அமைந்ததும் மறுபடி பாட்டியிடம் ஓடினோம். இம்முறை நிச்சயம் பாராட்டுவார் என்று நம்பினோம். நிழலை நன்கு கறுப்பாக்கி, வெயிலைப் பொன்னிறமாக்கி, திரைப்படம் போல் செய்திருந்தோம்.

பாட்டி பார்த்தார். "சினிமா மாதிரி இருக்கு. ஆனா படி எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியலையே. இந்தப் படியில நான் இறங்கினா விழுந்துடுவேன்" என்றார்.

பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. எங்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இருள் அவருக்கு வெறும் இருளே. அப்போதுதான் எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. உண்மையான குளத்தில் நிழலான படிகள் இவ்வளவு கறுப்பாகவா இருக்கின்றன? இல்லையே! நிழலிலும் பூக்காரம்மாவின் கூடையில் உள்ள மல்லிகையையும் கனகாம்பரத்தையும் பிரித்து அறிய முடிகிறதே!

காரணம், சூரியன் மட்டும் ஒளி தருவதில்லை. வானம் முழுவதும் ஒளி தருகிறது. வெயில் பட்ட சுவர் எதிர்ச்சுவருக்கு ஒளி தருகிறது. பெற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பக்கத்திலிருப்பதற்கும் பகிர்ந்து கொடுப்பது வெளிச்சத்தின் குணம். இதை நம் நாட்டிலேயே ஒருவர் அழகாகக் கையாண்டிருக்கிறார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' திரைப்படம் 1956-இல் வெளிவந்தது. அதற்காகக் காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தார்கள். திறந்த முற்றத்தில் மேலிருந்து வரும் மென்மையான ஒளியை ஸ்டூடியோவுக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின் மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி வானத்து ஒளி போலவே முற்றத்தில் இறங்கியது. விளக்கை நேரே காட்டாமல் ஒன்றின் மேல் பட்டு வரச் செய்வதே இதன் இரகசியம்.

எங்கள் ஷேடரில் இந்தத் திரும்பி வரும் ஒளியை முழுதாகக் கணக்கிட வசதியில்லை. அதற்குப் பதிலாக, நிழலில் குறைந்தது எவ்வளவு ஒளி இருக்க வேண்டும் என்று குறிக்கும் அளவு ஒன்று உண்டு. அதைச் சற்று உயர்த்தி, நிழலுக்கு வானத்தின் இளநீலச் சாயலைக் கொடுத்தோம். படிகள் தெரிந்தன. படத்தின் மிடுக்கு சிறிது குறைந்தது உண்மையே. ஆனால் காட்சி எங்கள் ஊருக்கு நெருங்கி வந்தது.

மார்கழிப் பனியும் மயிலாப்பூர்க்காரர் ஒருவரும்

மார்கழி விடியலில் மாட வீதிகளில் நடந்தவர்களுக்குத் தெரியும்: தெருவிளக்கைச் சுற்றிப் பனியில் ஒரு வட்டம் தெரியும், தூரத்துக் கோபுரம் வெளிறித் தெரியும். ஷேடரிலும் பனிமூட்டம் உண்டு. இதற்குள் இருக்கும் அறிவியலைத் தேடியபோது எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. தேடிய வழி எங்களை மயிலாப்பூருக்கே கொண்டுவந்து சேர்த்தது!

பனிக்குள் புகும் ஒளிக்கதிருக்கு நேரக்கூடியவை சில உண்டு. ஒரு பகுதி விழுங்கப்படலாம். ஒரு பகுதி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி வேறு திசையில் போகலாம். வேறு திசையில் போய்க்கொண்டிருந்த ஒளி சிதறி நம் கதிரோடு வந்து சேரலாம். கழித்தலும் கூட்டலும் இவ்வாறு வழி நெடுகிலும் நடந்தபின் மிச்சமிருப்பதுதான் நம் கண்ணை அடைகிறது. விண்மீன்களின் வெளியடுக்கிலும் கோள்களின் வளிமண்டலத்திலும் இக்கணக்கை விரிவாக ஆராய்ந்து 1950-இல் 'ரேடியேடிவ் டிரான்ஸ்ஃபர்' என்னும் நூலை வெளியிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-இல் லாகூரில் பிறந்த அவர், 1918-இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அவர் குடும்பத்தின் 'சந்திர விலாஸ்' என்னும் இல்லம் மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் இருந்தது. இன்று நாம் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்று அழைப்பது அதைத்தான். சர் சி. வி. இராமன் அவருக்குச் சித்தப்பா. 1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அவருக்கு 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விண்மீனுக்காக எழுதப்பட்ட கணக்கு விளையாட்டுக்கு எப்படி வந்தது? மேகத்தையும் புகையையும் கணினியில் வரைய விரும்பியவர்களுக்கு இத்துறையின் சமன்பாடே தேவைப்பட்டது. 1984-இல் ஜேம்ஸ் கஜியா, பிரையன் வான் ஹெர்சன் என்ற இருவர் இச்சமன்பாட்டைக் கொண்டு மேகங்களை வரையும் முறையை வெளியிட்டார்கள். மேகம், பனி, புகை ஆகியவற்றை வரையும் முறைகள் இன்றும் அச்சமன்பாட்டை அடிப்படையாகக் கொண்டவையே. எங்கள் ஷேடர் கணக்கு முழுவதையும் செய்வதில்லை. கதிர் வரும் வழியில் சில இடங்களில் மட்டும் நின்று, "இங்கே எவ்வளவு வெயில்? எவ்வளவு பனி?" என்று கேட்டுக் கூட்டிக்கொள்கிறது. ஆயினும் பனியின் அளவைக் கூட்டிவிட்டுக் கோபுரத்தின் பின்னே சூரியன் எழும்பும் காட்சியைப் பார்த்தபோது, இந்த ஊரில் வளர்ந்த ஒருவரின் உழைப்பு உலகைச் சுற்றி மீண்டும் இங்கேயே வந்து சேர்ந்தது போல் எங்களுக்குத் தோன்றியது.

சூரியனைச் சாய்த்த கதை

இவ்வளவும் செய்தபின் ஒரு பிழை மிஞ்சியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் அறிவியல் ஆசிரியை. "உங்கள் சூரியன் தினமும் உச்சந்தலைக்கு நேரே போகிறதே, சென்னையில் அப்படியா?" என்று கேட்டார்.

மைன்கிராஃப்டில் சூரியன் நேர் கிழக்கே உதித்து, உச்சிக்கு வந்து, நேர் மேற்கே மறைகிறது. ஆண்டு முழுவதும் இதே பாதைதான். ஆனால் சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. இங்கே சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே வருவது ஆண்டில் இரண்டே நாட்களில்: ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும். அந்நாட்களை நிழலில்லா நாள் என்பார்கள். ஜூன் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பர் 22-ஐ ஒட்டி 36 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்து நிற்கும்.

ஆசிரியையின் சொற்படி, பொங்கலையொட்டி மைதானத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நட்டு அளந்தோம். கடிகாரத்தில் 12 அடித்துக் கால் மணி நேரம் கழிந்தபின் நிழல் மிகவும் குறுகியது. அப்போதும் வடக்கு நோக்கி ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. முக்கோணவியல் பாடம் வாழ்க்கையில் எங்களுக்குப் பயன்பட்டது அன்றுதான்! கணக்குப் போட்டால் சாய்வு 34 பாகை வருகிறது. பல ஷேடர்களில் சூரியனின் பாதையைச் சாய்க்கும் அளவு ஒன்று இருக்கிறது. அதை மாற்றினோம். சூரியன் உதிக்கும் இடம் மட்டும் நேர் கிழக்கிலேயே நின்றுவிட்டது. தை மாதத்தில் அது தென்கிழக்குப் பக்கம் விலகியிருக்க வேண்டும். அது எங்களால் இயலவில்லை. ஆனாலும் பகலில் நிழல்கள் வடக்கே சாயத் தொடங்கின.

கொடுத்த விலை

பின்பற்ற விரும்பும் தோழியருக்காக எங்கள் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். ஷேடர் போடுவதற்கு முன் எங்கள் கணினி வினாடிக்கு 60 படங்கள் காட்டியது, போட்டபின் 9! சுட்டியை நகர்த்தினால் கோபுரம் நடுங்கித் தடுமாறியது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டோம். மேகங்களை நிறுத்தினோம். நிழல் காட்டும் தொலைவைக் குறைத்தோம். நிழல் வரைபடத்தின் நுணுக்கத்தைப் பாதியாக்கினோம். பிரதிபலிப்பையும் பனியையும் வைத்துக்கொண்டோம். முடிவில் 31 படங்கள் கிடைத்தன. எல்லா அளவுகளையும் உச்சத்தில் வைப்பதல்ல, நம் காட்சிக்கு எது உயிர் என்று அறிந்து அதை வைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது தவறு பெரிது. முதன்முதலில் அவசரத்தில், தேடியவுடன் கண்ணில் பட்ட ஏதோ ஓரிடத்திலிருந்து ஷேடர் என்று எண்ணி ஒரு கோப்பை இறக்கினோம். அது ஷேடரே அல்ல. இரண்டு நாட்கள் கணினி முடங்கியது. அண்ணனின் கல்லூரிக் கட்டுரை அதில் இருந்தது. நல்ல வேளையாக அவர் வேறோரிடத்தில் நகல் வைத்திருந்தார். நால்வரும் வரிசையாக நின்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, "செய்தவங்களோட சொந்தப் பக்கத்துல இருந்து மட்டும்தான் எடுக்கணும். முதல்ல உங்க உலகத்தை நகல் எடுத்து வைங்க" என்று சொல்லித் தந்தார். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் எதையும் நிறுவ வேண்டாம் என்று தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம். மாட் எழுதியவரின் பெயரை மறவாமல் குறிப்பிடுவதும் நம் கடமை. எங்கள் கண்காட்சி அட்டையில் அதைத்தான் முதல் வரியாக எழுதினோம்.

இன்னொரு செய்தி. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மைன்கிராஃப்ட் நிறுவனமே தன் விளையாட்டின் 'பெட்ராக்' பதிப்பில், நிழலும் நீர்ப் பிரதிபலிப்பும் கொண்ட புதிய வெளிச்சத்தைச் சேர்த்தது. ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகத் தாமே செய்துவந்ததை நிறுவனமும் செய்யத் தொடங்கியது என்றே சொல்லலாம்.

முடிவாக

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு ஏதும் கிடைக்கவில்லை. தலையில்லாக் கோபுரம் காரணமாக இருக்கலாம். மறுநாள் கணினியை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையாகப் பாட்டியிடம் போனோம். விளையாட்டின் கடிகாரத்தைப் பிற்பகலில் நிறுத்தி, மேற்குக் கரையில் நின்று பார்ப்பது போல் காட்சியை வைத்தோம். எந்த மாதம், எத்தனை மணி என்று நாங்கள் வாய் திறக்கவில்லை.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபுரத்தைப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் நிழலை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"நிழலு எங்க வீட்டுப் பக்கமா சாயுதே. சித்திரையில இப்படிச் சாயாது. இது தை மாசம், நாலு மணி வெயில். தெப்பத்துக்கு விளக்குக் கட்டுற நேரம்" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதத்தையும் மணியையும் நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். பாட்டியோ அறுபது ஆண்டுகள் பார்த்துப் பார்த்தே அறிந்திருந்தார். ஷேடர் ஒளியின் பொது விதிகளை அறியும். மயிலாப்பூரின் வெயிலை அது அறியாது. அதை நாம்தான் போய்ப் பார்த்துவந்து அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

இப்போது மாலையில் பேருந்து குளத்தைக் கடக்கும்போது நாங்கள் நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிவிடுகிறோம். அன்று நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி பேசத் தொடங்குகிறோம்.